டேங்க் நிரப்பினால் நிற்கும் தவளை

மெக்கானிக் ஓட்டினால் தவளை நிற்பதில்லை. பேக்கரிக்காரர் ஓட்டினால் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. அதே வண்டி, அதே சாலை, அதே பெட்ரோல். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. மூன்று வாரமாக மெக்கானிக்குக்கு இது பிடிபடவில்லை.

தவளை என்பது அந்தக் காரின் உண்மையான பெயர் அல்ல. துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு உருண்டை விளக்குகளையும் அகன்ற முன்பக்கத்தையும் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர். முப்பது வருடங்களுக்கு முன் தொழிற்சாலையை மூடியபோது யாரும் வருத்தப்படவில்லை. பெண் பார்க்கப் போகிறவன் தவளையை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்துதான் போவான் என்று அப்போது கிண்டல் செய்வார்கள். இப்போது நிலைமை தலைகீழ். சிக்னலில் நின்றால் பக்கத்து பைக்கில் இருப்பவர் போட்டோ எடுக்கிறார். மெக்கானிக்கின் ஷெட்டில் எப்போதும் நான்கு தவளைகளாவது வரிசையில் காத்திருக்கின்றன.

இந்த மவுசுக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. தவளையின் பானட்டைத் திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். எது எதைச் சுழற்றுகிறது, எது எதை இழுக்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். பெட்ரோல் பம்ப்கூடக் கிடையாது. டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால், மேல்மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதுபோலப் பெட்ரோல் தானாகவே இறங்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் முள்ளும் இல்லை. மூடியைத் திறந்து ஒரு மரக்குச்சியை விட்டு, ஈரம் எதுவரை இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

ஊரே சிரித்த காலத்திலும் தவளையை விற்காமல் வைத்திருந்தவர் பேக்கரிக்காரர். இன்று அதற்கே ஆபத்து. அவருடைய மனைவி ஒரு நர்ஸ். போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நின்று, பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்த அடியில் அவர் பொறுமை தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை இருவரும் ஷெட்டுக்கு வந்தார்கள்.

"தம்பி, இன்னிக்கு நானும் கூட வர்றேன். ஒரு மணி நேரம் ஓட்டுங்க. ஒரு தரம் நின்னாலும் சரி, எங்க டாக்டருக்குப் போன் பண்ணிடுவேன். தவளைய குடுங்க குடுங்கன்னு ஆறு மாசமா என் உயிர வாங்குறாரு" என்றார் நர்ஸ்.

"அவருக்குக் கியர் மாத்தவே தெரியாதும்மா" என்றார் பேக்கரிக்காரர் பரிதாபமாக.

"தெரிஞ்ச நீங்க மட்டும் என்னத்த ஓட்டிக் கிழிச்சீங்க?"

"அண்ணி, எல்லாம் சூட்டுனாலதான். காயிலும் ஒயரும் மாத்திட்டேன், கார்ப்ரேட்டரையும் சுத்தம் பண்ணிட்டேன். நேத்துகூட ஒரு மணி நேரம் ஓட்டினேன், நிக்கவே இல்ல" என்றார் மெக்கானிக்.

"எதுக்கும் இருக்கட்டும்னு வர்ற வழியில டேங்க் ஃபுல் பண்ணிட்டேன் தம்பி" என்றார் பேக்கரிக்காரர்.

மெக்கானிக் ஓட்ட, பேக்கரிக்காரர் பக்கத்தில் அமர, நர்ஸ் பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். ஆறாவது நிமிடம், பள்ளிக்கூட வாசலில், வண்டி இரண்டு முறை இருமி நின்றது.

"அப்பாடா, உங்ககிட்டயும் நின்னுடுச்சு!" என்று பேக்கரிக்காரர் சந்தோஷப்பட்டார். மனைவி போனை எடுப்பதைப் பார்த்ததும் சந்தோஷம் வடிந்தது. அவசரமாக இறங்கி, எப்போதும் செய்வதுபோல டேங்க் மூடியைத் திருகிக் குச்சியை விட்டார்.

"இருங்க" என்றார் நர்ஸ். "அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலயா?"

"என்ன சத்தம்?"

"மூடியத் திறந்ததும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம். தம்பி, இப்பவே ஸ்டார்ட் பண்ணுங்க. பத்து நிமிஷமெல்லாம் வேணாம்."

உடனே ஸ்டார்ட் ஆனது. சூடு ஆற ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல டிரிப் எல்லாம் கண்ணாடி பாட்டில்தான். அதுல காத்துக்குன்னு தனியா ஒரு ஊசி குத்தணும். மறந்துட்டா கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்னுடும். மருந்து வெளிய வரணும்னா அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். இல்லன்னா உள்ள வெற்றிடம் வந்து மருந்தப் பிடிச்சு வச்சுக்கும்."

மெக்கானிக் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிபோல மின்னியது. "அண்ணே, இது பழைய மூடி இல்லையே? அதுல பொடித் துளை ஒண்ணு இருக்கும். இதுல இல்ல. தவளைக்கு மவுசு வந்ததும் யாரோ உருவத்த மட்டும் பார்த்துச் செஞ்சிருக்காங்க. எப்ப மாத்தினீங்க?"

பேக்கரிக்காரர் சாலையைப் பார்த்தார்.

"பொறந்த நாளுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார் நர்ஸ், சற்றுக் குரல் இறங்கி. "ஒரு மாசம் இருக்கும். பழச நானே குப்பையில போட்டுட்டேன்."

பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு தோளில் தெரிந்தது.

"சிரிச்சுடுங்க, அடக்கி வச்சு உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

மெக்கானிக்குக்கு மீதியும் புரிந்துவிட்டது; இருவருக்கும் விளக்கினார். ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் எப்போதும் அடிமட்டத்தில்தான் பெட்ரோல் இருக்கும். தீர்ந்துவிடுமோ என்ற பயம் பழகிப்போய், எந்த வண்டியை ஓட்டினாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூடியைத் திறந்து அவர் குச்சி விடுவார். ஒவ்வொரு தடவையும் காற்றைத் தானே உள்ளே விட்டுவிட்டு, வண்டி நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பேக்கரிக்காரரோ பயத்தில் டேங்கை நிரப்பினார். நிரம்பிய டேங்கில் மேலே இருக்கும் காற்று மிகக் கொஞ்சம். கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே அந்தக் காற்று வெகுவாக மெலிந்துவிடும். அதனால்தான் டேங்க் நிரம்ப நிரம்ப வண்டி சீக்கிரம் நின்றது.

"அப்ப நான் பயந்ததுதான் தப்பா?" என்றார் பேக்கரிக்காரர்.

"ரெண்டு பேரும் பயந்தோம்ண்ணே. நான் ஒரு விதமா, நீங்க ஒரு விதமா."

"ஓட்டிக் காட்டுங்க தம்பி, அப்புறம் பேசலாம். என் ஒரு மணி நேரம் இன்னும் பாக்கி" என்றார் நர்ஸ். ஆனால் போன் கைப்பைக்குள் போயிருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக் மூடியைக் கழுவித் துடைத்து, நடுவில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டார். பெட்ரோல் தளும்பி வெளியே வராமல் இருக்க உள்பக்கம் ஒரு சின்னத் தகட்டை இடைவெளி விட்டுப் பொருத்தினார். டேங்கை மறுபடி விளிம்பு வரை நிரப்பி, குச்சியை ஷெட்டிலேயே வைத்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். மூடியை யாரும் திறக்கவில்லை. மேம்பாலத்தில் மூன்று முறை ஏறி இறங்கி, ஒன்றரை மணி நேரம் ஓடியும் தவளை நிற்கவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க, அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.