தொட்டியிலேயே இருக்கட்டும்

சுங்கை பெசாரில் அந்த டயாலிசிஸ் நிலையத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் மாதத்துக்குள் ஒரு மீன் கொண்டுவந்து விட வேண்டும். யாரும் எழுதி ஒட்டவில்லை, எப்படியோ வழக்கமாகிவிட்டது. ஆறு நாற்காலிகளுக்கும் எதிரே நான்கடித் தொட்டி. கையில் ஊசியோடு நாலு மணி நேரம் கிடப்பவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்? நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாத ஆட்களுக்கு முன்னால் இருநூறு லிட்டரை நிறைத்து வைத்தவன் எவனோ, நல்ல மனசுக்காரன்தான்.

வள்ளியம்மாவின் மீன் ஒரு புயு, பனையேறிக் கெண்டை. வயலோரப் பாரிட் வாய்க்காலில் மகன் தூண்டில் போட்டுப் பிடித்து, குழம்புக்குப் போகாமல் தப்பிய கரிய மீன். நாலு வருடமாக அதுவும் இருந்தது, அவளும் இருந்தாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பிறரிடம் சொல்வாள். ஆனால் நாற்காலியில் சாய்ந்ததும் கண் முதலில் அதைத்தான் தேடும்.

மூன்று மாதத்துக்கு முன் சபாக்கிலிருந்து கதிரவேலு வந்து சேர்ந்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. வள்ளியம்மாவின் அப்பா அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் அந்தக் கிராணி அன்றைக்குப் பேர் போடமாட்டார், கூலி இல்லை. மகன் கதிரவேலு பேசும்போதும் அதே மூக்குக் குரல்தான்.

அவர் கொண்டுவந்த மீன் ரத்தச் சிவப்பு. உடம்பெல்லாம் நீலப் பொட்டு.

"கிள்ளான்ல பெரிய கடையில எடுத்தது. இந்தப் பாரிட் மீனோட விட மனசே வரேல்ல," என்றார்.

"மத்த மீனோட சேருமான்னு கேட்டீங்களா, அங்கிள்?" என்றாள் நர்ஸ் நித்தியா.

"அதெல்லாம் கேக்கேல்ல. இருக்கிறதில ஆகத் திறமானதைத் தா எண்டன்."

முதல் வாரம் அது செடிக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. இரண்டாம் வாரம் சாய்த்து வைத்திருந்த மண்சட்டிக்குள் புகுந்தது. அதற்கப்புறம் தொட்டியில் பாதி அதற்குச் சொந்தம். மற்றவை மேல் மூலையில் ஒண்டின. எல்லை தாண்டியதைத் துரத்திப் போய்க் கண்ணைக் கொத்தும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து நாற்காலிப் புஷ்பா விட்ட கறுப்பு மீன் ஒற்றைக் கண்ணோடு மிதந்தது. புஷ்பா அழுதாள்.

"மீன்தானே பிள்ளை. வேற வாங்கலாம்," என்றார் கதிரவேலு.

சனிக்கிழமை புஷ்பாவின் நாற்காலி காலி. வீட்டிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். எல்லோரும் சிவப்பு மீனைப் பார்த்தார்கள். பிறகு கதிரவேலுவைப் பார்த்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை புயுவுக்கு வாலில் பாதி இல்லை. தொட்டியின் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னாலிருந்து மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு அவசரமாக உள்ளே ஓடியது. வள்ளியம்மாவுக்கு ஒன்றுதான் தோன்றியது: அடுத்தது நான்தான்.

"மிஸி, அந்தச் செவப்ப தூக்கி வெளிய போடுங்க," என்றாள் நித்தியாவிடம்.

"போட்டால் மேலிடத்துக்கு எழுதுவன்!" கதிரவேலு தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். "எல்லாற்ற மீனும் இருக்கு, என்ரை மட்டும் ஏன் போக வேணும்? என்ர மீன் தொட்டியிலயே இருக்க வேணும். அவ்வளவுதான்."

குரல் நடுங்கியது. ஓ, இவருக்கும் அந்தப் பயம் உண்டு. வள்ளியம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தோட்டத்து லய வீட்டில் கோழி வளர்த்தவள். கொழுப்பெடுத்த சேவலைப் பத்து நாள் கூடைக்கடியில் கவிழ்த்து வைத்தால் போதும். வெளியே வரும்போது அதன் இடம் போயிருக்கும். குஞ்சுகூட ஏறி மிதிக்கும்.

"ஐயா சொல்றது நாயம்லா," என்றாள். "தொட்டியிலயே இருக்கட்டும். பத்து நாளைக்கு மட்டும் ஓட்ட போட்ட டப்பாவுல போட்டு உள்ளாற தொங்க விடுவோம். கோவம் எறங்கிடும்."

நித்தியா போனைத் தடவிப் பார்த்தாள். "இதுலயும் அப்படித்தான் ஆன்டி போட்டிருக்கு. கல்லு, சட்டி எல்லாத்தையும் இடம் மாத்தணுமாம்."

"மாத்துங்க. சட்டிய அந்தக் கொழாப் பக்கம் வைங்க."

"பாத்தியா, வள்ளியம்மாவுக்காவது விளங்குது," என்றார் கதிரவேலு, தாராளமாக.

ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் சிவப்பு மீன் நின்ற இடத்திலேயே நின்றது. சட்டி இப்போது புயுவுக்கு. வால் மெல்லத் துளிர்த்தது.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, எல்லோருக்கும் ஊசி ஏற்றி முடித்ததும் நித்தியா டப்பாவைக் கவிழ்த்தாள்.

சிவப்பு நேராகப் பழைய இடத்துக்குப் போனது. அங்கே வெறும் மணல். சுற்றியது, திரும்பியது, மறுபடி சுற்றியது. சட்டிக்குள்ளிருந்து புயு வந்து விலாவில் ஒரே இடி. செதில் பறந்தது. ஓடிய இடமெல்லாம் இடி. அரை மணி நேரத்தில் விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன்களெல்லாம் வந்து துடுப்பைப் பிய்த்தன.

"மிஸி! எடுங்கோ! வெளிய எடுங்கோ அதை!"

கதிரவேலு கையை உதற, மெஷின் அலறியது. இன்னும் மூன்று மணி நேரம் அவர் எழுந்திருக்க முடியாது. நித்தியா ஓடி வந்து அவர் கையை அமுக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோர் கண்ணும் தொட்டியிலேயே இருந்தது.

"ஐயாதானே சொன்னீங்க, தொட்டியிலயே இருக்கணும்னு," என்றாள் வள்ளியம்மா.

"வள்ளியம்மா... தங்கச்சி, நீ ஒரு வார்த்தை சொல்லன்."

தங்கச்சி. அந்த வாயிலிருந்து! தாகத்தில் காய்ந்த நாக்கில் ஐஸ்கட்டியை வைத்தது போலிருந்தது அவளுக்கு.

"மீனுதானே ஐயா," என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியே இருக்க முடியவில்லை, திறந்து பார்த்தார், மறுபடி மூடினார். மூன்று மணி நேரமும் அதே வேலை.

ஊசி எடுத்தபோது சிவப்பு மீன் அடி மூலையில் நிறம் வெளுத்துச் சாய்ந்து கிடந்தது. வாய் மட்டும் அசைந்தது. வள்ளியம்மா பஞ்சை அமுக்கிக்கொண்டு எழுந்து போனாள். ஒரு சிட்டிகைத் தீனி எடுத்து, மற்றவை வருமுன் அதன் வாயருகே விழும்படி போட்டாள். அது விழுங்கியது.

கதிரவேலுவின் கண் கலங்கியது. கையெடுத்துக் கும்பிடவும் செய்தார்.

"சாவாது ஐயா. நான் பாத்துக்குறேன்."

மனதாரத்தான் சொன்னாள். செத்துவிட்டால் வியாழக்கிழமை அவர் எதைப் பார்ப்பார்?