சிவப்பு வைத்த காசு

லைல் ஹாட்சர் சுடும்போது குறிக்கண்ணாடியில் புள்ளி ஆடுவதே இல்லை. இதை நானாகக் கவனித்திருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. சொன்னது என் மனைவி ரோண்டா, அதுவும் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் சனிக்கிழமைப் போட்டிகளில் டைமர் பிடிப்பவள் அவள்தான். எல்லார் தோளுக்குப் பின்னாலும் நிற்கிறாள். ஆனால் லைலின் தோள் மட்டும்தான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளி இறுதி நடனத்துக்கு அவளை அழைத்துப் போனவனும் இதே லைல்தான். நான் அதை மறந்துவிட்டேன் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் சுடுவது கார்பைன், பிஸ்டல் தோட்டா போடும் குட்டை ரைஃபிள். தோட்டா சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை பின்னால் ஓடி, தோளில் அணைக்கும் பகுதியில் உள்ள குழாயின் அடியில் இடித்துத் திரும்பும். அந்த ஓட்டத்திலும் இடியிலும் குறிக்கண்ணாடியில் புள்ளி துள்ளும். அது அடங்கினால்தான் அடுத்த குண்டு. இடியைத் தாங்குவதற்கு ஸ்பிரிங்கோடு ஒரு கனமான உருளை வைப்போம், பஃபர் என்று பெயர். நான் கனமானது வாங்கினேன். பிறகு அதைவிடக் கனமானது. கடைசியில் எண்ணெய் நிரப்பியது. புள்ளி பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ரோண்டா சமையல் மேடையில் ஒரு கைப்பிடி கால் டாலர் காசு வைத்தாள். அவள் சலவைக் கடை நடத்துகிறாள். மெஷின்களைச் சோதிக்கத் தான் போடும் காசுகளில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவியிருப்பாள், வசூலில் கலந்தாலும் தன்னுடையது தெரிய வேண்டும் என்று.

"குழாய்க்குள்ள, அடியில இதைப் போட்டுப் பாரு. கட்டை ஓடுற தூரம் குறையும், ஆட்டமும் குறையும்."

"ஏம்மா, இது துப்பாக்கியா, வாஷிங் மெஷினா?" என்றேன்.

காசுகளை அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். லைலின் புள்ளி ஆடுவதில்லை என்று படுக்கையில் சொன்னது அதற்குச் சில வாரம் கழித்துத்தான்.

போன மாதப் போட்டியில் லைல் முதலாவது வந்தான். பிறகு ஓரத்து மேசையில் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை, போய் நின்றேன்.

"உள்ள என்னடா வெச்சிருக்க, தங்கமா?"

"சாதா பஃபர்தான் மாப்ள. நீயே பாத்துக்கோ."

ஸ்பிரிங்கை உருவிவிட்டுக் குழாயை என் உள்ளங்கையில் கவிழ்த்தான். விழுந்தவை கால் டாலர் காசுகள். ஒவ்வொன்றிலும் வாஷிங்டன் முகத்தில் சிவப்பு.

"நல்ல யோசனை இல்ல?" என்றான். யாருடைய யோசனை என்று சொல்லவில்லை.

வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"அவனுக்கு எதுக்குக் குடுத்த?"

"உனக்குத்தான் முதல்ல குடுத்தேன்."

"நான் வேணாம்னா உடனே அவனுக்கா?"

"அவன் கேட்டான். 'ரோண்டா, உனக்கு என்ன தோணுது'ன்னு கேட்டான். நீ என்னைக்காவது கேட்டிருக்கியா?"

ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, அவள் கடைக்கே போனேன். யாரோ ஒரு அம்மாள் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல், "எனக்கும் கொஞ்சம் காசு குடு," என்றேன். ரோண்டா மேசை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் சுத்தமான காசு.

"சிவப்பு வெச்சது?"

"தீந்துபோச்சு. எல்லாம் காசுதானே."

காசுதான். அடுத்த போட்டியில் என் புள்ளி சொன்ன பேச்சைக் கேட்டது. "இப்ப உன்னோடதும் ஆடல," என்று தோளுக்குப் பின்னாலிருந்து ரோண்டா சொன்னாள். இத்தனை நாள் இதற்குத்தான் ஏங்கினேன். சந்தோஷப்படலாம் என்று திரும்புவதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

லைல் வந்து நின்றான். துப்பாக்கியைத் தோளில் அணைத்து, அவள் நெயில் பாலிஷ் இருக்கும் அந்தக் குழாயின் மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான்.