சிவப்புப் பர்ஸில் ஒரு கார்டு

வசுமதியிடம் இரண்டு பர்ஸ்கள் இருந்தன. வெளியே கிளம்பும்போதெல்லாம் இரண்டையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். கறுப்பு, குடித்தனப் பர்ஸ். கணவர் கோவிந்தராஜனின் பென்ஷன் கணக்கு ஏடிஎம் கார்டு, ரயில்வே கொடுத்த மெடிக்கல் கார்டு, ஆதார், மளிகைக்கென்று மடித்து வைத்த நோட்டுகள் எல்லாம் அதில்தான். சிவப்பு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்குள் ஒரே ஒரு கிரெடிட் கார்டு. பிள்ளை அனந்த் கொடுத்தது.

எதை எடுப்பது என்று யோசிப்பவள் போல நிற்பாளே தவிர, கை என்னவோ சிவப்புக்குத்தான் போகும். அது அவளுக்கும் தெரியும். எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோவிந்தராஜனுக்கும் தெரியும். "குடை எடுத்துண்டியா?" என்று கேட்பாரே ஒழிய, வேறு ஒன்றும் கேட்க மாட்டார்.

அனந்த் இங்கே வங்காளத்திலேயே, ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த செக்டர் ஃபைவில் முதல் வேலைக்குப் போன புதிதில், தன் கார்டோடு சேர்த்து அம்மா பெயரிலும் ஒன்று வாங்கிக் கொடுத்தான். ஆட்-ஆன் கார்டு என்று அதற்குப் பெயர். தேய்ப்பது அம்மா, பில் வருவது பிள்ளைக்கு. "இனிமே ஒரு ரவிக்கைத் துணிக்குக்கூட அப்பாகிட்ட கை நீட்டாதே மா" என்றான். அவள் எங்கே தேய்த்தாலும் அடுத்த நிமிஷம் கடைப் பெயரோடு அவன் ஃபோனுக்குச் செய்தி போய்விடும். ஆபீஸிலிருந்தே கூப்பிடுவான்.

"என்ன மா, கரியாஹாட்ல புடவைக் கடைல நிக்கறே போலருக்கே?"

"போடா. உங்கப்பாக்கு வேஷ்டி வாங்கிண்டிருக்கேன்."

"அந்த விலைக்கு வேஷ்டியா? ஜரிகை அவர் உயரத்துக்கு இருக்குமே."

கடைக்காரன் பார்க்கிறானே என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அது ஒரு காலம்.

பிறகு அனந்த் புனேவுக்குப் போனான். அங்கே கூட வேலை செய்த அக்ஷராவைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றான். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணமாகி, சரிப்படாமல் விலகியிருந்தது. கோவிந்தராஜன் முடியாது என்றார். அவன் பதிவுக் கல்யாணத்துக்கு நாள் குறித்து, இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பினான். வசுமதி பெட்டி கட்டிவிட்டாள். பட்டுப் புடவை உடுத்தி, தலையில் பூவும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவளைப் பார்த்து அவர் சொன்னார்: "போறதுன்னா போ. ஆனா அங்கேயே இருந்துக்கோ."

அவள் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அனந்த் கூப்பிட்டான். "அப்பா வராதது எனக்கு ஆச்சரியமே இல்ல. நீயும் வரலையே மா." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த எண்ணைக் கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை. வேலையும் மாறிவிட்டான் என்று உறவில் யாரோ சொன்னார்கள். எங்கே என்று கேட்டால் எல்லோரும் மென்று விழுங்கினார்கள்.

ஆனால் பாருங்கள், கார்டை மட்டும் அவன் நிறுத்தவில்லை. நடுவில் ஒரு முறை கடையில் தேய்த்தபோது போகவில்லைதான். வசுமதி முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தாள். கோவிந்தராஜன் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காலாவதி ஆயிருக்கும்" என்றார். சில நாளில் புதுக் கார்டு தபாலில் வந்தது, அவள் பெயர் போட்டு. "உன் பிள்ளை மறக்கல. ரகசிய நம்பர்கூடப் பழசேதானாம்" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்த எண் அனந்த் பிறந்த வருஷம். வசுமதி கார்டைப் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்து எடுத்தாள். பெற்ற வயிறு, வேறு என்ன செய்யும்?

பேச மாட்டேன் என்றவன் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அப்படித்தான் அவள் நினைத்தாள். அன்று முதல் தேய்த்துத் தேய்த்தே அவனோடு பேச ஆரம்பித்தாள். அவன் பிறந்த நாளுக்குத் தெருமுனை மிட்டாய்க் கடையில் வெல்லச் சந்தேஷ் வாங்கித் தேய்ப்பாள். நான் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில், வீட்டில் மாத்திரை இருந்தாலும், இன்னும் ஒரு பட்டை வாங்கித் தேய்ப்பாள். பூஜை நாட்களில் கரியாஹாட்டில் ஒரு சின்ன வயசுக்காரி உடுத்தும்படியான புடவை எடுத்தாள். அக்ஷராவுக்கு. அது பிரிக்காமல் பீரோவில் இருந்தது. ஒரு தரம் குழந்தைத் துணிக் கடைக்குள் நுழைந்து ஒரு சட்டை வாங்கினாள். ஏதாவது விசேஷம் உண்டா என்று பிள்ளையைக் கேட்பதற்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அன்றைக்குக் கோவிந்தராஜன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார்.

பதில் என்று ஒன்று வரவே இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி. ஆனாலும் கல்லைப் போட்டவளுக்குத் தண்ணீர் சலசலத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

மார்கழிப் பனி இறங்கியிருந்த ஒரு காலையில், காப்பித் தம்ளரைக் கீழே வைக்கப் போன கோவிந்தராஜன் அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. வசுமதி ஓடிப்போய் எதிர் ஃப்ளாட் ஷர்மிஷ்டாவின் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூட டீச்சர். பெஹாலாவுக்கு இவர்கள் குடி வந்த நாளிலிருந்து பழக்கம். வசுமதியை அக்கா முறை வைத்து, தீதி என்றுதான் கூப்பிடுவாள். அவள் இரவு உடைமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்ப ஓடினாள்.

"தீதி, கார்டன் ரீச் ரயில்வே ஆஸ்பத்திரிதானே? மெடிக்கல் கார்டை எடுத்துக்கோங்க" என்று படியிலிருந்தே வங்காளத்தில் குரல் கொடுத்தாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கோவிந்தராஜன் முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் உழைத்தவர். அந்த மெடிக்கல் கார்டைக் காட்டினால் போதும், சோதனை, மருந்து, படுக்கை எதற்கும் கைக்காசு வேண்டாம். "எனக்கு ஏதாவதுன்னா யோசிக்காதே வசு, நேரே கார்டன் ரீச்" என்று அவரே எத்தனையோ தரம் சொல்லி வைத்திருந்தார்.

மேஜைமேல் இரண்டு பர்ஸும் இருந்தன. வசுமதி நின்றாள். அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது இதுதான்: கார்டன் ரீச்சுக்குப் போனால் எங்கேயும் தேய்க்க வேண்டியிருக்காது. அனந்துக்கு ஒரு செய்தியும் போகாது. அப்பா படுத்தது தெரியாமலே போய்விடும். அதுவே பெரிய ரோட்டில் இருக்கும் தனியார் நர்சிங் ஹோம் என்றால், முன்பணம் கேட்பார்கள். ஆஸ்பத்திரிப் பெயரோடு அவன் ஃபோனில் போய் விழும். மருந்துக் கடைக்கு அசையாதவன் இதற்கு அசைய மாட்டானா?

சிவப்பை எடுத்தாள். அவருடைய ஃபோனையும் மூக்குக் கண்ணாடியையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கறுப்பு மேஜையிலேயே கிடந்தது.

வண்டியில் அவர் தலை அவள் தோளில் இருந்தது. "மெடிக்கல் கார்டு?" என்றார்.

"எடுத்துண்டாச்சு. பேசாதேள்."

வண்டி வேறு பக்கம் திரும்பியது. "பெரிய ரோட்டு நர்சிங் ஹோமுக்கே போ, பக்கம்" என்று வசுமதி சொன்னபோது ஷர்மிஷ்டா கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாள். மறுத்துப் பேசும் நேரம் இல்லை.

அவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். கவுண்டரில் இருந்த பெண், சித்தி முறை வைத்து, "டெபாசிட், மாஷிமா" என்றாள். வசுமதி கார்டைக் கொடுத்தாள். அந்த நாலு எண்ணை அழுத்தும்போது உதடு தானாக அசைந்தது. பிள்ளை பெயரைச் சொல்லி வாசலில் நின்று கூப்பிடுவது போல இருந்தது அவளுக்கு. மிஷின் சீட்டைத் துப்பியது.

அதே நிமிஷம் அவள் கைப்பைக்குள் ஒரு ஃபோன் சிணுங்கியது.

அனந்த்தான் என்று பைக்குள் கையை விட்டாள். எடுத்துப் பார்த்தாள். அவளுடைய ஃபோன் இல்லை, அவருடையது. இப்போது தேய்த்த பணம், நர்சிங் ஹோம் பெயர், கார்டின் கடைசி எண்கள் எல்லாம் அதில் வந்திருந்தன. இது ஏன் இவர் ஃபோனுக்கு வருகிறது என்று மட்டும் நினைத்தாள். அதற்குமேல் நினைக்க மனம் இடம் கொடுக்கவில்லை. தன் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கூப்பிடுவதென்றால் இதில்தானே கூப்பிடுவான்?

மத்தியானம் வரைக்கும் அது வாய் திறக்கவில்லை. மறுபடியும் அவருடைய ஃபோன்தான் அடித்தது. பேங்கிலிருந்து ஒரு பெண், இந்தியில், தேன் தடவிய குரலில் பேசினாள்.

"கோவிந்தராஜன் சாரோட வீட்டிலிருந்தா மேடம்? சாரோட ஆட்-ஆன் கார்டுல இன்னிக்குப் பெரிய செலவு ஒண்ணு ஆயிருக்கு. சுலபத் தவணையா மாத்திக்கிறீங்களா?"

"அது என் பிள்ளையோட கார்டும்மா. அனந்த்."

"இல்ல மேடம், மெயின் கார்டு சார் பேர்லதான். சார்தான் மனு குடுத்து உங்க பேர்ல ஆட்-ஆன் வாங்கியிருக்கார். பில் மாசா மாசம் அவர் கணக்குல பிடிச்சிடறோம். தவணைன்னா சாருக்கும் கஷ்டம் தெரியாது. போட்டுடட்டுமா?"

வசுமதி ஃபோனை மெதுவாகக் கீழே இறக்கினாள். உள்ளே அந்தப் பெண் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

கார்டு காலாவதி ஆகவில்லை. அனந்த் அதை அப்போதே வெட்டிவிட்டான். பழைய எண்ணையே போட்டுப் புதுசு வாங்கிவந்தது யார் என்று இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை. சந்தேஷும், மாத்திரைப் பட்டையும், பீரோவில் இருக்கும் புடவையும், அந்தக் குழந்தைச் சட்டையும் போய்ச் சேர்ந்தது அனந்திடம் இல்லை. பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இந்த மனுஷனிடம்தான். அவள் பிள்ளையைக் கூவிக் கூவி அழைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, பென்ஷனில் பில்லையும் கட்டிக்கொண்டு, குடை எடுத்தாயா என்று கேட்டிருக்கிறார்.

அவள் அழவில்லை. அழுகை வருகிற இடம்கூட மரத்துப்போயிருந்தது. இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, அவர் பணத்தையே அவர் தலையில் தேய்த்து, யாருக்கும் கேட்காத ஒரு குரலைக் கொடுத்திருக்கிறாள்.

ஷர்மிஷ்டா டாக்டரோடு வந்தாள். ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு, இரண்டு நாள் தாங்கினால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ரயில்வே ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று ஷர்மிஷ்டா கேட்டதற்கு, இப்போது அசைக்கக் கூடாது என்று தலையை ஆட்டினார். ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்.

கோவிந்தராஜன் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். மூக்கில் குழாய். கையைச் சற்றே தூக்கினார். அவள் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது.

"இது கார்டன் ரீச் இல்லையே வசு."

"இல்லை. இதுதான் பக்கம்."

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "எதுல கட்டினே?"

அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் செய்த குழந்தை பார்க்குமே, அந்தப் பார்வை. அவளுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. வாசலில் நிறுத்தியதும் நீங்கள்தானே, இத்தனை நாள் என்னைச் சுவரோடு பேச விட்டதும் நீங்கள்தானே என்று தொண்டை வரைக்கும் வந்தது.

"அனந்த் கார்டுல" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அப்போ அவனுக்கு மெசேஜ் போயிருக்கும்."

"போயிருக்கும்."

"பாத்துட்டு வருவான் பாரு."

"வருவான். நீங்க தூங்குங்கோ."

"வந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் வசு. அந்தப் பொண்ணையும் அழைச்சுண்டு வரட்டும்."

"வருவா ரெண்டு பேரும்."

நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். வசுமதி அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஷர்மிஷ்டா பிளாஸ்டிக் தம்ளரில் தேநீரோடு நின்றிருந்தாள். "பிள்ளைக்குச் சொல்லிட்டீங்களா தீதி? எப்ப வரான்?"

வசுமதி தேநீரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"அவனுக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல ஷர்மிஷ்டா" என்றாள்.