காலடி மண்

முதல் அடி என் மணிக்கட்டில் விழுந்து எலும்பை ஒடித்தது. பச்சையம்மாள் களைக்கொத்தைத் திருப்பிப் பிடித்துக் கட்டைப் பக்கத்தால் அடித்தார். இரும்புப் பக்கமாக இருந்திருந்தால் கையே போயிருக்கும். மண் அள்ளும் கரண்டியும் பையும் உழவுச் சாலில் விழுந்தன. என்னை ஜீப்பில் கூட்டிவந்த இளவரசன் ஓடி வந்தான். அந்த அம்மாளின் கணவர் நாராயணசாமி அவனை வரப்பில் தள்ளி விலாவில் மிதித்தார். ஒரு பிடி மண்ணுக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிமலைக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது அவர்களுடைய மரவள்ளிக் கொல்லை. ஆடியில் அங்கே எடுத்த மண்ணிலிருந்து லேப்பில் என் வளர்ப்புத் தட்டில் ஒரு பாக்டீரியா வளர்ந்தது. சாம்பல் பூத்த சின்னப் பொட்டு. மரபணுவைப் படித்துப் பார்த்தால், உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். ஆறு வருஷமாக ஆராய்ச்சி மாணவி என்று குப்பை கொட்டியவளுக்குக் குருட்டு அதிர்ஷ்டம். ஆனால் படமும் கட்டுரையும் மட்டும் காட்டினால் போதாது. இரண்டு நாடுகளின் கிருமிச் சேமிப்பகங்களில் அதை உயிரோடு ஒப்படைத்தால்தான் வைத்த பெயர் செல்லும். ஒப்படைப்பதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. லேப் உதவியாளர் ராசு அண்ணன் பயபக்தியோடு அலமாரியைத் துடைத்தார். பொரி வைக்க இடம் வேண்டுமே. என் தட்டுகள், குழாய்கள், மிச்சமிருந்த மண் எல்லாவற்றையும் பழையது என்று நினைத்து, நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டார். மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார், என் கிருமிக்குப் பால் ஊற்றினார்.

அதனால்தான் மறுபடி வந்தேன். இடையில் நடந்தது எனக்கு அப்போது தெரியாது. ஆடியில் எனக்கு மண் வெட்டிக் கொடுத்தது அவர்கள் மகன் சரத்குமார். வெறுங்காலோடு ஈரத்தில் நின்றிருந்தான். நின்ற இடத்திலேயே வெட்டச் சொன்னேன். பேர் கேட்டு, 'சரத்குமார் கொல்லை' என்று பையின் மேல் எழுதினேன். அவன் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எட்டாம் நாள் மலைப்பாதை வளைவில் அவன் பைக் லாரிக்கு அடியில் போனது; அவனும் போய்விட்டான். ஒருத்தன் காலடி மண்ணைப் பேர் எழுதி எடுத்துப்போவது எதற்கென்று இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நானும் கள்ளக்குறிச்சியில் பிறந்தவள்தான். படித்த படிப்பு அந்தச் செய்வினைப் பேச்சையெல்லாம் மறக்கடித்திருந்தது.

பச்சையம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "எம் புள்ள பேர எழுதி எட்த்துக்கினு போனியே, அந்த மண்ண குடுத்துடு. கோயில்ல கொட்டிட்டு உன்ன உட்டுடறன்."

பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து தந்திருக்கலாம். வலியில் உண்மைதான் வந்தது.

"அது இல்லம்மா. லேப்ல வேகவெச்சிட்டாங்க."

அவர் களைக்கொத்தைக் கீழே போட்டார். அடித்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

"இன்னாத்துல வேகவெச்ச?"

"குக்கர் மாதிரி ஒண்ணுல."

என் முடியைப் பிடித்து முகத்தைச் சாலில் தேய்த்தார். உதடு கிழிந்தது. கை நிறைய மண்ணை அள்ளி வாயில் திணித்தார். தின்னுடி, தின்னுடி என்று மறுபடியும் திணித்தார். ஒரு பல் ஆடியது. கடைசியில் நாராயணசாமிதான் அவரை இழுத்து விலக்கினார். கணவரின் மார்பில் குத்திக் குத்தி அந்த அம்மாள் அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இளவரசன் விலாவைப் பிடித்தபடியே என்னை ஜீப்பில் ஏற்றினான். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"துப்புக்கா. வாயக் கொப்புளி."

தலையாட்டி மறுத்தேன். ரத்தமும் எச்சிலும் கலந்தால் என்ன? மண்ணை உலர்த்தி லேசாகச் சூடுகாட்டினால் என் வாய்க் கிருமிகள் செத்துவிடும், அந்தப் புது இனம் மட்டும் வித்தாக உறங்கிப் பிழைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இப்படிக் கணக்குப் போட்டதற்கும் வெட்கப்பட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. சீட்டில் கிடந்த புதுப் பையை ஒடியாத கையால் மடியில் விரித்துக் குனிந்தேன். சிவந்த மண் எச்சிலோடு நூல் நூலாக அதற்குள் இறங்கியது. இளவரசன் பாட்டிலை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். நாக்கால் பல்லிடுக்கைத் துழாவி, மிச்சத்தையும் துப்பினேன்.