நகராத கட்டம்

1

"சத்தத்தைக் குறைம்மா. செய்தி வாசிக்கிறவர் நம்ம வீட்டு சோபாவுலயே உக்காந்து கத்துற மாதிரி இருக்கு."

ரிமோட்டைத் தானே வாங்கிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் கணவர் வேலைக்குக் கிளம்பினார். திரும்பி வரவில்லை.

இந்தக் கதை பிறந்தது வேறு இடத்தில். ஒரு பத்திரிகை, திரை வன்முறையும் குழந்தைகளும் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டது. "ஓயாமல் ரத்தம் பார்க்கும் குழந்தைகளுக்குப் பிறர் வலி உறைப்பதில்லை" என்று எழுதி நிறுத்தினேன். அந்த வாக்கியத்துக்குள் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

2

அவர் செய்தி சேனலில் படத்தொகுப்பாளர். விபத்து, கலவரம் என்று எது வந்தாலும் ரத்தத்தின் மேல் மங்கலான ஒரு கட்டம் வைத்து மறைக்க வேண்டும்; ஆள் நகர்ந்தால் கட்டமும் கூடவே நகர வேண்டும். வேலை மிஞ்சினால் வீட்டுக் கணினியிலும் செய்வார். பக்கத்து முக்காலியில் மகள். ஊருக்கு அவர் மறைப்பதையெல்லாம், மறைக்கும் முன்பே அவள் பார்த்துவிடுவாள்.

"அப்பா, அந்த ஆள் கால் வெளிய தெரியுது."

"அட, ஆமா! முதலாளியம்மா கண்ணுல எதுவும் தப்பாது."

அந்த ஆளுக்கு வலித்திருக்குமா என்று இருவரும் பேசியதில்லை. (நானும்தான். சிரித்துக்கொண்டே கடந்துபோவேன். இந்த வரியை அடித்துவிடலாமா? இருக்கட்டும்.)

3

அவரை லாரி மோதியது சாலைக் கேமராவில் பதிவாகியிருந்தது. வீடு நிறைய உறவினர்கள் இருந்தபோது, யார் போட்டார்களோ, டி.வி.யில் அது ஓடியது. அவருடைய சேனல்தான். கட்டம் வைத்தது அவருடைய நண்பர்களில் ஒருவராக இருக்க வேண்டும்.*

ஒன்பது வயது மகள் திரையருகே போய் நின்றாள்.

"கட்டம் நகரவே இல்ல. அப்பா உருண்டு போறாரு, அது அங்கயே நிக்குது. அப்பான்னா சரியா வெச்சிருப்பாரு."

நாத்தனார் என் தோளைப் பிடித்தார். "என்ன அண்ணி, பொண்ணா இது, கல்லா?"

* படத்தைச் சரியாகப் பார்க்க முடிந்திருக்காது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

4

கதைக்கு நான் யோசித்த முதல் முடிவு: அவள் அப்பாவின் சட்டையில் முகம் புதைத்து அழுகிறாள். அழகாக இருக்கிறது, நடக்கவில்லை.

இரண்டாவது: அவள் எதற்குமே அழாதவளாக வளர்ந்து… வேண்டாம். கட்டுரைக்கு ஆதாரம் கிடைத்துவிடும், மகள் கிடைக்க மாட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அதே காட்சியைத் திரும்பவும் போட்டார்கள். அவள் உள்ளங்கையைத் திரையில் அப்பாவின் மேல் வைத்தாள். அவர் உருள உருளக் கையும் கூடவே போனது. ரிமோட்டை வாங்கி நான் டி.வி.யை அணைக்கும்வரை கையை எடுக்கவில்லை.

வேலை பார்த்துப் பழகிய கையா, அப்பாவை மூடிய கையா? கட்டுரை என்றால் நான் சொல்லியாக வேண்டும். கதை என்பதால் உங்களிடம் விடுகிறேன்.

அவர் குறைத்து வைத்த டி.வி. சத்தத்தை மட்டும் எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் கூட்டவில்லை.