அஷ்டமுடியில் சொன்ன பதில்

வினோத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டிய நாளில்தான் எங்கள் மில் சுற்றுலா கொல்லத்துக்குப் போனது.

வினோத் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், மில்லில் எலெக்ட்ரீஷியன். நான் ராஜபாளையம். வேதியியல் படித்துவிட்டு அதே மில்லின் லேபில் நூல் பரிசோதிக்கிறேன். அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். எனக்கும் ரொம்பச் சம்மதம். ஆனால் யார் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டேன். விருப்பமில்லை போல என்று வினோத் வீட்டில் நினைத்துவிட்டார்கள். சுற்றுலாவுக்கு மறுநாள் செட்டியார்பட்டியில் அவருக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக இருந்தார்கள்.

பஸ்ஸில் ஏற்றிவிட வந்த அப்பா பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். “ஏட்டி எப்சி, நான் போயி சொல்ல மாட்டேன். பொறவு அப்பன் கட்டாயப்படுத்துனான்னு வரும். புடிச்சாலும் புடிக்காட்டாலும் அந்தப் பையன்ட்ட நீயே சொல்லிட்டு வா.”

செங்கோட்டை தாண்டி மலையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘எனக்குச் சம்மதம்.’ இரண்டே சொல். அவர் நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரி தெரிந்தது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொல்லத்தில் முதலில் கலங்கரை விளக்கம். சுழல்படியில் ஏறி மேலே போனால் காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. மற்றவர்களெல்லாம் ஊர்ப் பக்கம் நின்று செல்ஃபி எடுத்தார்கள். கடல் பக்கம் நானும் அவரும் மட்டும். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அவர் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

“கப்பல் பெருசா இருக்கு.”

அவரும் கப்பலைப் பார்த்தார். “ஆமா. பெருசுதான்.”

அத்தோடு இறங்கிவிட்டோம்.

மீன்பிடித் துறைமுகத்தில் நீலமும் சிவப்புமாக விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. ஏலத்தின் கூச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் வேலுத்தாய் அக்கா நெத்திலிக் கருவாட்டுக்குப் பேரம் பேசினாள். கடைக்காரி மலையாளத்தில் திட்ட, அக்கா தமிழில் திட்ட, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரி இன்னொரு கை அள்ளிப் போட்டாள். அக்காவால் எது வேண்டுமானாலும் பேச முடியும். நான் நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் முழுவதையும் தின்று தீர்த்தேன்.

மத்தியானம் அஷ்டமுடிக் காயலில் படகுச் சவாரி. மேஸ்திரி வைகுண்டராஜ் ஆண்களை ஒரு படகிலும் பெண்களை இன்னொன்றிலும் ஏற்றினார். இனி பஸ்ஸில்தான் பார்க்க முடியும். அங்கே எல்லோரும் இருப்பார்கள். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் கிளம்பியதும் பேச்சு அடங்கிப்போனது. அப்படி ஒரு சத்தம். ஆனால் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. ஸ்பின்னிங் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லில் எல்லோரும் கையால் பேசுவோம். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு கையும் கூரை போலச் சேர்ந்தால் வீடு. ஷாக் அடித்தது போல் உதறினால் எலெக்ட்ரீஷியன். விரலைச் சுழற்றினால், மறுபடி சொல். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். அது மட்டும் மேஸ்திரிக்குத் தெரியாது.

எதிர்ப் படகைப் பார்த்து வேலுத்தாய் அக்கா டீ கேட்டாள். அங்கிருந்து யாரோ காயல் தண்ணீரைக் காட்டினார்கள். இரண்டு படகும் கையாலேயே சண்டை போட்டன.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. லேபிலிருந்து சாம்பிள் எடுக்கப் போகும்போது நானும் கையால் பேசுகிறவள்தான். அங்கே எனக்குக் கூச்சமே வந்ததில்லை.

வினோத் படகின் முனையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். என்னைத் தொட்டுக் காட்டினேன். அவரை நோக்கி விரலை நீட்டினேன். கூரை வைத்தேன். சரி என்று தலையை ஆட்டினேன். நான், உங்கள் வீட்டுக்கு, சரி.

நான் விரலை நீட்டிய நேரத்தில் அந்தப் படகு காயலில் நட்டிருந்த ஒரு சீன மீன்வலையைச் சுற்றித் திரும்பிவிட்டது. விரலுக்கு நேரே வந்து நின்றவர் வைகுண்டராஜ்.

அவர் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு மீசையை முறுக்கி, ‘நானா?’ என்று கேட்டார். இத்தனை வருஷமும் அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. அடுத்து இரண்டு கையையும் பதறி ஆட்டி, தாலி கட்டுவது போலக் காட்டி, இடுப்பு உயரம், தோள் உயரம் என்று தன் பிள்ளைகளையும் காட்டினார்.

இரண்டு படகும் குலுங்கின. எங்கள் படகில் சிலர் கருவாட்டுப் பைமேலேயே விழுந்து சிரித்தார்கள். மில்லில் எல்லோருக்கும் இந்தப் பேச்சு தெரியும் என்பதை நான் எப்படி மறந்தேன்?

உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது. உட்கார்ந்தால் செட்டியார்பட்டி.

லைஃப் ஜாக்கெட்டோடு பலகைமேல் ஏறினேன். படகுக்காரர் “இரி மோளே, இரி” என்று உட்காரச் சொல்லிக் கத்தினார். வேலுத்தாய் அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை சந்தேகத்துக்கே இடமில்லாமல், தோள் வலிக்க, கையை ஷாக் அடித்தது போல் உதறினேன். கூரை வைத்தேன். தலையை ஆட்டினேன்.

எதிர்ப் படகில் அத்தனை பேரும் வினோத் பக்கம் திரும்பினார்கள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. புரிந்துவிட்டது, நன்றாகவே புரிந்துவிட்டது. ஆனாலும் கையைத் தூக்கி விரலைச் சுழற்றினார்.

கரை வரும்வரை சுழற்றிக்கொண்டே இருந்தார்.

இறங்கியதும் அப்பாவின் போன்.

“சொல்லிட்டியாட்டி?”

“சொல்லிட்டேம்ப்பா.”

“அந்தத் தம்பி என்ன சொன்னாரு?”

“மறுபடி சொல்லச் சொன்னாரு,” என்றேன். “மறுபடியும் சொன்னேன்.”