வெள்ளிக்கிழமை மழை

மழையை ஆராய்கிறவன் என்று சொன்னால், ஜனங்கள் என்னை மழையை வரவழைக்கிறவன் மாதிரி பார்ப்பார்கள். எனக்கு வரவழைக்கத் தெரியாது. பெய்தால் அளப்பேன், பெய்யாவிட்டால் பெய்யவில்லை என்று எழுதுவேன். 1952-ல் இரண்டாவது வேலைதான் அதிகம்.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த கையோடு ஆரம்பித்த ஆராய்ச்சி அது. மழை முன்னும் பின்னும் போனால் ஊர் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஊருக்கு ஒரு மழைமானி வைத்தோம். வருடத்துக்கு இரண்டு தடவை வீடு வீடாகப் போய் யார் ஊரை விட்டுப் போனார்கள், யார் மாட்டை விற்றார்கள் என்று கேட்டோம். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பசித்தவனிடம் போய் எவ்வளவு பசிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு, வருகிறேன் என்று ஜீப்பில் ஏறுவது ஒரு பிழைப்பா என்று பலநாள் தோன்றியிருக்கிறது.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே செவ்வூரணிப்பட்டி என்று ஒரு ஊர். முந்திரித் தோப்பு, செம்மண், ஒரு கண்மாய். அங்கே பள்ளிக்கூடத்து வளவில் எங்கள் மழைமானி இருந்தது. செம்பில் செய்த உருளை, மேலே வாயகன்ற புனல், சுற்றிலும் கம்பி வேலி. தினம் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை அங்குலம் என்று குறித்து அனுப்புகிறவர் வாத்தியார் ஷேக் பரீது. கந்தர்வக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். ஒரு நாள் தவறவிட்டதில்லை.

அந்த வருடம் மெட்ராஸ் ஆபீசில் உட்கார்ந்து அவர் அனுப்பிய கணக்கைக் கிழமைவாரியாகப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடமாகச் செவ்வூரணிப்பட்டியில் மழை பெய்தது முக்கால்வாசி வெள்ளிக்கிழமைகளில்தான். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் காய்ந்து கிடக்க, இந்த ஒரு ஊரில் மட்டும் வாரம் தவறாமல் கொஞ்சம் மழை. ஆரம்பத்தில் அரை அங்குலம். பிறகு கால். போகப் போகக் குவளையின் அடியை நனைக்கிற அளவு.

எங்கள் தலைவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "ஏழு நாள் சுழற்சி. இதை உலகத்தில் எவனும் பார்த்ததில்லை" என்றார். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டார். மேகத்துக்குக் கிழமை தெரியுமா என்று கேட்க நினைத்தேன். மேலதிகாரியிடம் கேட்கிற கேள்வியா அது? நேரில் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினேன்.

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தேன். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. கண்மாய்க்குள் பெண்கள் ஊற்றுத் தோண்டி, கசிகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும்.

வாத்தியாரிடம் கேட்டேன். அவர் கூச்சப்படாமல் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை காலையில தெறந்தா தண்ணி இருக்கும் சார். தரை காஞ்சுதான் கெடக்கும். எனக்கும் என்னடா இதுன்னுதான் இருந்துச்சு."

"அந்தச் சந்தேகத்தை எழுதியிருக்கலாமே?"

"ஆரம்பத்துல ட்ரெய்னிங்ல சொன்னீங்கள்ல. கண்டதை எழுது, நெனைச்சதை எழுதாதேன்னு. கண்டதை எழுதுனேன்."

அது எல்லா ஊரிலும் நான் ஒப்பிக்கிற பாடம்தான்.

அன்றிரவு பள்ளிக்கூடத்திலேயே படுத்தேன். விடிந்தும் விடியாமல் ஒரு பெண் குளித்த ஈரத்தலையோடு வந்தாள். இடுப்பில் குடம், கையில் கொட்டாங்கச்சி. வேலிக்கதவைத் திறந்து, மழைமானிக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். குடத்திலிருந்து கொஞ்சம் மொண்டு, மொண்டதைப் பார்த்து, பாதியைக் குடத்திலேயே திரும்ப விட்டுவிட்டு, மீதியைப் புனலில் ஊற்றினாள். பக்கத்தில் போனேன். அவள் பதறவில்லை.

"ஏம்மா, எதுக்கு இதுல தண்ணி ஊத்துறீங்க?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பாத்திரத்தை வெறுமனே வைக்கக் கூடாதுங்கய்யா. வீட்டுலயே வைக்க மாட்டோம். இது பாவம், வாயத் தொறந்து வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கிது. காஞ்ச வாயப் பாத்தா மழைக்கு எறங்க மனசு வருமா?"

"எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"மழை நின்னதுலேருந்து. முன்னயெல்லாம் கொட்டாங்கச்சி நெறைய ஊத்துவேன். இப்ப ஊத்துல ஊறுறதே இல்ல. புள்ளைக்கு வேணும்ல, அதான் கொறைச்சுக்கிட்டேன்."

அவள் பெயர் இருளாயி. புருஷன் வெள்ளைச்சாமி தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போய் ஐந்தாறு மாதமாகச் சேதி இல்லை. ஒரு பெண் குழந்தையோடு தனியாக இருந்தாள். நான் சர்க்கார் ஆள் என்று தெரிந்ததும் அவளே கேட்டாள்.

"அடுத்த ஊருலயெல்லாம் கம்மா வெட்டுற வேலை போட்டிருக்காங்க. கூலி குடுக்குறாங்க, கஞ்சி ஊத்துறாங்க. எங்க ஊருக்கு மட்டும் இல்லைங்குறாங்க. கேட்டா, ஒங்க ஊருல மழை பேஞ்சிருக்குன்னு கணக்கு இருக்காம். எங்கய்யா பேஞ்சுச்சு? நீங்களே பாருங்க. வேலை இருந்தா அவுக ஏன் அங்கிட்டுப் போறாக? இந்த அமாவாசை வரைக்கும் பாப்பேன். இல்லைன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு நானும் வீட்டைப் பூட்டிற வேண்டியதுதான்."

அவள் கையில் கொட்டாங்கச்சி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மழை பெய்த ஊருக்குத்தான் சர்க்கார் கூலி கொடுக்கும் பஞ்ச வேலை என்பது விதி. அந்த அளவை எங்கள் மழைமானியைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். வாரம் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து, காகிதத்தில் இந்த ஊரை நனைத்துவிட்டது. அவள் புருஷனை ஊரை விட்டு அனுப்பியது அவள் ஊற்றிய தண்ணீர். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? "பார்க்கிறேம்மா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அதில் சாரமே போய்விட்டது.

எட்டரைக்கு வாத்தியார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சைக்கிளைச் சாத்தாமல் பிடித்தபடியே நின்றார்.

"என்ன எழுதப் போறீங்க சார்?"

"உள்ளதை எழுதினால் விசாரணை வரும். சர்க்கார் கருவியில் கை வைத்தாள் என்பார்கள். அது போகட்டும். பஞ்ச வேலை வராததற்கு இவள்தான் காரணம் என்று ஊருக்குத் தெரிந்தால்?"

"பூட்டிக் கெடக்குற வீடு அம்புட்டும் அவ தலையில விழும்."

"வெள்ளிக்கிழமைகளை மட்டும் அடித்துவிடலாம் என்றால், ஏன் என்று கேட்பார்கள்."

அவர் வேலிக்குள் இருந்த உருளையைப் பார்த்தார். "மழைமானி பழுதுன்னு எழுதிருங்க சார். அதுக்குப் புருசனும் இல்ல, ஊரும் இல்ல. யாரும் ஏச மாட்டாங்க."

பழுது என்றால் இந்த ஊர்க் கணக்கு முழுவதும் செல்லாது. வாத்தியார் வெயிலிலும் பனியிலும் வந்து எடுத்த கணக்கு, நான் நாலு வருடம் கட்டிக் காத்த கணக்கு, எல்லாம் குப்பைக்குப் போகும். ஆராய்ச்சியில் இந்த ஊரே இல்லாமல் போகும். தலைவரின் ஏழு நாள் சுழற்சி போவதைப் பற்றி மட்டும் எனக்குத் துளி வருத்தமில்லை.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லை. பஞ்சம் ஒரு வீட்டுக்குள் எப்படி இறங்குகிறது என்று நாங்கள் ஊர் ஊராகக் கேட்டு எழுதியதெல்லாம் அரைகுறை. கேட்கிறவனுக்குத் தக்கபடி ஜனங்கள் கூட்டிச் சொன்னார்கள், மானத்துக்குப் பயந்து குறைத்துச் சொன்னார்கள். இந்த வெள்ளிக்கிழமைக் கணக்கில் பொய் இல்லை. அரை அங்குலம், கால் அங்குலம், அப்புறம் அடி நனைகிற அளவு. குழந்தைக்கு வைத்துவிட்டுத் தன்னால் கொடுக்க முடிந்ததை அவள் வாராவாரம் அளந்து ஊற்றியிருக்கிறாள். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அதைத்தான் நான் என் கையால் அடிக்க வேண்டியிருந்தது. புனலில் விரிசல், அளவுகள் செல்லா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மழைமானி இல்லாத ஊருக்குப் பக்கத்து ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வது வழக்கம். பக்கத்து ஊர் காய்ந்து கிடந்தது. அமாவாசைக்கு முன்னால் செவ்வூரணிப்பட்டிக்கு வேலை வந்துவிட்டது.

மழைமானியைப் பெயர்த்து எடுத்துவரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். நான் போன அன்றும் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. கண்மாய்க்குள் சனம் மண் சுமந்துகொண்டிருந்தது. ஆழமாக வெட்டிய இடத்தில் ஊற்றும் கொஞ்சம் திறந்திருந்தது. நான் வேலிக் கம்பியைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டு இருளாயி மண்கூடையை இறக்கிவைத்து வந்தாள். உடம்பெல்லாம் செம்மண்.

"எங்கய்யா கொண்டு போறீங்க?"

"பழுதாயிருச்சும்மா. மெட்ராசுக்குப் போகுது."

"அதான் மழையப் புடிக்கலையாக்கும்" என்றாள். "வேலை வந்துருச்சுன்னு தஞ்சாவூர் போறவுககிட்ட அவுகளுக்குச் சேதி சொல்லி விட்டிருக்கேன். வந்துருவாக."

வருவார் என்று நானும் சொன்னேன். அப்படிப் போய் வராதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு என் பெட்டியில் இருந்தது.

"வெள்ளிக்கெழமை ஊரை விட்டுப் போகுது. வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுங்கய்யா." குடத்தை எடுத்துவந்தாள். கொட்டாங்கச்சியில் மொண்டாள். இந்தத் தடவை பாதியைத் திரும்ப விடவில்லை. தளும்பத் தளும்ப அப்படியே ஊற்றினாள். கும்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்கத் திரும்பிப் போனாள்.

வாத்தியார் பழக்கதோஷத்தில் உருளையைத் திறந்து குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அரை அங்குலம். அவருடைய பென்சில் காதிலிருந்து கைக்கு வந்துவிட்டது.

"எழுதவா சார்?"

"வேண்டாம்."

குவளையை வாங்கிக்கொண்டேன். செம்மண் கலங்கிய தண்ணீர். அதைத் தரையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. குடித்துவிட்டு, குவளையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.